மொண்ட்ராகோன் பாதிரியாரும் தொழிலாளர் கூட்டுறவும்: புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

ஸ்பெயினில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஏழைத் தொழிலாளர்களுக்குத் தொழிற்சாலை கட்டிக் கொடுத்தார், இன்றைக்கு அதில் எழுபதாயிரம் பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் எந்தத் தொழிற்சாலையும் கட்டிக் கொடுக்கவில்லை. எந்தத் தொழிற்சாலைக்கும் அவர் உரிமையாளராகவோ மேலாளராகவோ இருந்ததில்லை. கடைசிவரை மொண்ட்ராகோன் என்ற ஊரில் ஒரு துணைப் பங்குத்தந்தையாகவே (ஊர்த் தேவாலயத் தலைமைக் குருவுக்கு உதவும் குரு) இருந்து 1976-இல் இறந்துபோனார்.

அவர் செய்த வேலையைச் சிலர் தர்மம் என்கிறார்கள். சிலர் கம்யூனிசம் என்கிறார்கள். இன்னும் சிலர், ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் நிறுவனம் மாதிரிதானே என்று கேட்கிறார்கள். அது எதுவுமே இல்லை. ஒரு தொழிலில் உழைப்பவருக்கும் பணம் போட்டவருக்கும் இடையே உள்ள உறவைத் தலைகீழாக மாற்றும் ஓர் ஏற்பாட்டை அவர் யோசித்தார். அதை நடத்தக்கூடிய மனிதர்களை உருவாக்க முதலில் பதினைந்து ஆண்டுகள் செலவழித்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அந்த ஊரின் பெயரால் அறியப்படும் மொண்ட்ராகோன் கூட்டுறவுகள். பெரும்பாலானவர்கள் முதலாவதைப் பாதியாகச் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

யார் இந்தப் பாதிரியார்?

பெயர் ஹோசே மரியா அரிஸ்மென்டியரியேட்டா. நீளமான பாஸ்க் பெயர். ஊர்க்காரர்கள் 'டான் ஹோசே மரியா' என்றே கூப்பிட்டார்கள். நாமும் ஹோசே மரியா என்றே வைத்துக்கொள்வோம்.

ஸ்பெயினின் வடக்கே மலைகளும் கடலும் சேரும் இடம் பாஸ்க் நாடு. தனி மொழி, தனிப் பண்பாடு. அங்கே மார்க்கினா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1915-இல் மூத்த மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் நடந்த ஒரு விபத்தில் இடது கண் போய்விட்டது. அந்தப் பகுதி வழக்கப்படி குடும்பத்தின் நிலமும் வீடும் மூத்தவருக்கு வரவேண்டியவை. அவற்றை விட்டுவிட்டுப் பாதிரியார்களைப் பயிற்றும் குருமடத்தில் சேர்ந்தார்.

1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஒரு கண் இல்லாததால் அவரைச் சண்டைக்கு அனுப்பவில்லை. பாஸ்க் மொழி நாளிதழான 'எகுனா'வில் பத்திரிகையாளராக வேலை பார்த்தார். 1937-இல் பில்பாவோ நகரம், பின்னால் ஸ்பெயினின் சர்வாதிகாரியான ஜெனரல் ஃபிராங்கோவின் படைகளிடம் விழுந்தபோது கைதானார். அவரோடு பிடிபட்டவர்களில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர் விசாரணைக்குப் பின் விடுதலையாகிக் குருமடத்துக்குத் திரும்பினார். 1940-இன் இறுதியில் குருப்பட்டம் பெற்றார்.

பெல்ஜியத்தில் லூவேன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சமூகவியல் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆயர் (பிஷப்) ஒப்புக்கொள்ளவில்லை. மொண்ட்ராகோன் என்ற சின்னத் தொழில் ஊருக்குத் துணைப் பங்குத்தந்தையாகப் போகச் சொன்னார். 1941 பிப்ரவரியில் அங்கே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த ஊரை விட்டு வேறு எங்கும் பணிக்குப் போகவில்லை.

பதினைந்து ஆண்டுத் தயாரிப்பு

போர் முடிந்திருந்தாலும் ஊர் ரணமாக இருந்தது. மொண்ட்ராகோனின் பங்குத்தந்தை உட்பட அந்த ஊர்க் குருக்கள் சிலரை 1936-இல் ஃபிராங்கோ தரப்பினரே சுட்டுக் கொன்றிருந்தார்கள். பசி, காசநோய், வேலையின்மை எல்லாம் இருந்தன. இரண்டு தரப்பிலும் சண்டையிட்டவர்கள் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். தொழிற்சங்கம் தடை, கட்சி தடை, கூட்டம் போடத் தடை. வேலைநிறுத்தம் குற்றம்.

ஊரில் பெரிய கம்பெனி ஒன்றுதான்: யூனியன் செர்ராஹெரா. பூட்டும் உலோகச் சாமான்களும் செய்யும் ஆலை. அவர்களிடம் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி இருந்தது. ஆனால் பெரும்பாலும் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம். அதைத் திறந்துவிடச் சொல்லி ஹோசே மரியா கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

சரி, நாமே ஒன்று தொடங்குவோம் என்று முடிவு செய்தார். தெருமுனைகளில் பெட்டிகள் வைத்தார்கள். பள்ளிக்கு என்னால் இவ்வளவு பணம் தரமுடியும், இந்த உதவி செய்யமுடியும் என்று எழுதிப் போட வேண்டும். அப்படி எழுதிப் போட்டவர்களுக்குப் பள்ளி நிர்வாகத்தில் வாக்கு உண்டு. சர்வாதிகார ஆட்சியில், எதற்குமே வாக்களிக்க முடியாத காலத்தில், ஒரு சின்ன ஊர் தன் பள்ளிக்கூடத்துக்காக வாக்குரிமை பெற்றது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் முக்கியமாகப் படும் நிகழ்ச்சி இது. பின்னால் வந்த எல்லாவற்றின் விதையும் இங்கே இருக்கிறது.

1943-இல் 20 மாணவர்களோடு அந்தத் தொழிற்பள்ளி தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும் இளைஞர்களுக்குக் கால்பந்து, ஒரு சிறு மருத்துவ நிலையம், வாசிப்பு வட்டங்கள் என்று அவர் விடாமல் ஏதாவது செய்துகொண்டே இருந்தார். மேடையில் அவர் நல்ல பேச்சாளர் இல்லை. அவருடைய மறையுரைகள் புரியவில்லை என்று பங்கு மக்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். பத்துப் பேர் உட்கார்ந்து பேசும் இடத்தில்தான் அவர் பலம் தெரிந்தது. வேலை, கூலி, சொத்து, நியாயம் ஆகியவற்றை வைத்து அப்படி நடத்திய வாசிப்பு வட்டங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்று அவருடைய மாணவர்கள் பிற்பாடு கணக்குப் போட்டார்கள்.

அந்தப் பள்ளியில் படித்தவர்களில் 11 பேரை மேற்கொண்டு பொறியியல் படிக்க வைத்தார். பகலில் ஆலையில் வேலை, மாலையில் படிப்பு. தேர்வை மட்டும் தொலைவில் உள்ள சரகோசாவில் போய் எழுதினார்கள். 1952-இல் பட்டம் வாங்கினார்கள்.

அவர்களில் சிலர் யூனியன் செர்ராஹெராவில் நல்ல பொறுப்புகளுக்கு வந்திருந்தார்கள். கம்பெனி தன் மூலதனத்தைக் கூட்டியபோது, தொழிலாளர்களும் பங்கு வாங்க வழி செய்யுங்கள் என்று கேட்டார்கள். நிர்வாகம் மறுத்துவிட்டது. உள்ளே இருந்து மாற்றலாம் என்ற வழி அதோடு அடைபட்டது. ஐந்து பேர் வேலையை விட்டார்கள். ஊர்க்காரர்களிடம் கடன் திரட்டி, விட்டோரியா நகரில் நொடித்துப்போன ஒரு சிறு நிறுவனத்தை அதன் உற்பத்தி உரிமத்துக்காக வாங்கினார்கள். 1956-இல் மொண்ட்ராகோனுக்கே தொழிலைக் கொண்டுவந்து எண்ணெய் அடுப்பு செய்யத் தொடங்கினார்கள். ஐந்து பேரின் குடும்பப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'உல்கோர்' என்று பெயர் வைத்தார்கள். இதுதான் மொண்ட்ராகோன் கூட்டுறவுகளில் முதலாவது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். 1941-இல் ஊருக்கு வந்தவர், 1956 வரை ஒரு தொழிலையும் தொடங்கவில்லை. பள்ளிதான் நடத்தினார். தொழிலை அவர் வளர்த்த பிள்ளைகள் தொடங்கினார்கள்.

கூட்டுறவு என்றால் நமக்கு வேறு நினைவு

நம் ஊரில் கூட்டுறவு என்றதும் ரேஷன் கடை, பயிர்க்கடன் சங்கம், ஆவின் பால் சங்கம் நினைவுக்கு வரும். அவையும் கூட்டுறவுதான். ஆனால் அங்கே உறுப்பினர் கடன் வாங்குபவர், பால் ஊற்றுபவர், சாமான் வாங்குபவர். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரோ பால் வண்டி ஓட்டுபவரோ சம்பளத்துக்கு வேலை செய்பவர். உலகம் முழுக்க நுகர்வோர் கூட்டுறவுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் இங்கிலாந்தின் ராச்டேல் சங்கமும் (1844) கடை வாடிக்கையாளர்களின் சங்கம்தான்.

தொழிலாளர் கூட்டுறவு என்பது, அந்த நிறுவனத்தில் வேலை செய்பவர்களே அதன் உறுப்பினர்களாகவும் உரிமையாளர்களாகவும் இருக்கும் அமைப்பு. நமக்குப் பக்கத்தில் கேரளத்தில் இந்தியன் காபி ஹவுஸ், தினேஷ் பீடி போன்றவை இந்த வகை. சொல்ல எளிது. நடைமுறையில் ஏன் கடினம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஐந்து பேர் தையல் கடை போட்டால்

ஒரு கட்டிங் மாஸ்டரும் நான்கு தையல்காரர்களும் முதலாளியிடம் கூலிக்கு வேலை செய்து சலித்துப்போய்ச் சொந்தமாகக் கடை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 20,000 ரூபாய் போட்டு, அட்வான்ஸ் கொடுத்து, மெஷின் வாங்குகிறார்கள். முதல் ஆண்டு சமமாக உழைத்துச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சிக்கலும் இல்லை.

கடை நன்றாகப் போகிறது. பள்ளிச் சீருடை ஆர்டர் வருகிறது. ஆள் பற்றவில்லை, ஆறாவதாக ஒருவரைச் சேர்க்க வேண்டும். அவரைக் கூலிக்கு வைப்பதா, கூட்டாளியாகச் சேர்ப்பதா? கூலிக்கு வைத்தால் லாபம். இப்படி ஆறு, ஏழு, எட்டு என்று பத்துப் பேர் கூலிக்கு வந்துவிட்டால், முன்னாள் தொழிலாளிகள் ஐந்து பேரும் இன்னாள் முதலாளிகள். பழைய கடைதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

அடுத்தது: ஐந்து ஆண்டில் கடையின் மதிப்பு பத்து மடங்காகிவிட்டது. ஐவரில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். என் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் விற்பேன் என்கிறார். அந்த விலையைக் கொடுத்து வாங்க இன்னொரு தையல்காரரால் முடியாது. வெளியே இருந்து ஒரு பணக்காரர் வாங்குவார். இரண்டு மூன்று பேர் இப்படி விற்றுவிட்டால் கடை கைமாறிவிடும்.

மூன்றாவது, ஆண்டுக் கடைசியில் வரும் லாபம். எல்லாருக்கும் வீட்டில் செலவு இருக்கிறது. மொத்தத்தையும் பிரித்து எடுத்துக்கொண்டால் ஓவர்லாக் மெஷின் பழுதாகும் ஆண்டில் கடை மூடவேண்டியதுதான்.

உலகத்தில் பல தொழிலாளர் கூட்டுறவுகள் இந்த மூன்று இடங்களில்தான் உடைந்திருக்கின்றன. நல்ல மனது மட்டும் இருந்தால் இவற்றைத் தாண்ட முடியாது. விதிகள் வேண்டும்.

ஹோசே மரியா வகுத்த விதிகள்

அவர் பொருளாதார நிபுணரோ வழக்கறிஞரோ இல்லை. ஃபிராங்கோ காலத்துச் சட்டங்களை உட்கார்ந்து படித்து, அவற்றுக்குள் எது முடியும் என்று தேடி, மாணவர்களோடு விவாதித்து 1950-களின் இறுதிக்குள் ஒரு சட்டதிட்டத்தை உருவாக்கினார். அது இப்படிப் போகிறது.

ஆறாவது ஆள் பிரச்சினைக்கு விடை, நிரந்தரமாக வேலைக்கு வருபவர் உறுப்பினராகவே வரவேண்டும் என்பது. சோதனைக் காலம் முடிந்ததும் நுழைவு மூலதனம் கட்டவேண்டும். மொண்ட்ராகோனில் இன்று அது சுமார் 15,000 யூரோ. கையில் இல்லாதவர்களுக்கு மாத வருமானத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்வார்கள். மதம், கட்சி, பாலினம் பார்க்கக்கூடாது என்றும் கொள்கை வகுத்தார்கள். பாதிரியார் தொடங்கிவைத்த இயக்கம் என்பதால் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் வாக்கு. ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு. பங்குச் சந்தைக் கம்பெனியில் ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கு ஆயிரம் வாக்கு. இங்கே முப்பது ஆண்டு வேலை செய்து கணக்கில் பெரிய தொகை வைத்திருப்பவருக்கும் ஒன்று, போன மாதம் சேர்ந்தவருக்கும் ஒன்று. ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் தனியார் கம்பெனியிலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான். அங்கே ஊழியர் கையில் பங்கு இருக்கும், அதிகாரம் இருக்காது.

பங்கை விற்கும் சிக்கலைத் தீர்த்த விதம்தான் இந்த ஏற்பாட்டின் இதயம் என்று நினைக்கிறேன். ஒவ்வோர் உறுப்பினருக்கும் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு தனி மூலதனக் கணக்கு இருக்கும். நுழைவுத் தொகை அதில் வரவாகும். ஆண்டு லாபத்தில் அவர் பங்கும் அதில் வரவாகும். நட்டம் வந்தால் அதிலிருந்து பற்று எழுதுவார்கள். அந்தப் பணத்துக்கு வட்டி உண்டு. ஆனால் வேலையில் இருக்கும் வரை அசலை எடுக்க முடியாது. ஓய்வு பெறும்போதோ விலகும்போதோ கணக்கில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம். யாருக்கும் விற்க முடியாது, சந்தை விலை என்று ஒன்று கிடையாது.

இதனால் என்ன ஆகிறது? தையல் கடையின் மதிப்பு பத்து மடங்கானாலும் புதிதாக வருபவர் பத்து மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை, அதே நுழைவுத் தொகைதான். வெளியே உள்ள பணக்காரருக்கு வாங்க ஒன்றுமில்லை. அதே சமயம் லாபம் காகிதத்தில் உறுப்பினர் பெயரில் இருந்தாலும் பணம் கடையிலேயே சுழல்கிறது. மெஷின் வாங்கலாம்.

லாபம் பிரிப்பதற்கும் வரம்பு வைத்தார்கள். குறைந்தது 10 சதவீதம் கல்வி, பொதுக் காரியங்களுக்கு. குறைந்தது 20 சதவீதம் பொதுக் கையிருப்புக்கு. பொதுக் கையிருப்பு என்பது யார் பெயரிலும் இல்லாத, யாரும் எடுத்துப்போக முடியாத, அடுத்த தலைமுறைக்கும் சேர்ந்த பணம். மீதிதான் உறுப்பினர்களின் கணக்குகளுக்குப் போகும். அதையும் வைத்திருக்கும் மூலதனத்தைப் பார்த்துப் பிரிப்பதில்லை, செய்த வேலையைப் பார்த்தே பிரிக்கிறார்கள்.

மாதச் சம்பளம்? கணக்குப்படி உறுப்பினர் மாதாமாதம் வாங்குவது, ஆண்டு முடிவில் தனக்கு வரவேண்டியதில் முன்கூட்டியே எடுக்கும் தொகை. சுற்றுவட்டாரத்துக் கம்பெனிகளில் அதே வேலைக்குக் கிடைக்கும் கூலியை ஒட்டி அதை வைத்தார்கள். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளிக்கு எல்லை போட்டார்கள். தொடக்கத்தில் கீழ்நிலை வருமானம் 1 என்றால் மேல்நிலை 3-க்கு மேல் போகக்கூடாது. வெளியே அதிகச் சம்பளத்துக்கு மேலாளர்கள் போய்விடுகிறார்கள் என்பதால் இது பின்னாளில் 6 வரை தளர்ந்தது. பல கூட்டுறவுகளில் இதைவிடக் குறைவு. பெரிய கம்பெனிகளில் இந்த இடைவெளி நூறு மடங்கைத் தாண்டும் காலத்தில் ஆறு என்பது சாதாரண விஷயம் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால்: வேலை செய்பவரே உறுப்பினர், ஆளுக்கு ஒரு வாக்கு, விற்க முடியாத தனிக் கணக்கு, பிரிக்க முடியாத பொதுக் கையிருப்பு. வழக்கமான கம்பெனியில் மூலதனம் உழைப்பை வாடகைக்கு எடுக்கிறது. இங்கே உழைப்பவர்கள் சேர்ந்து மூலதனத்தை வாடகைக்கு எடுத்து, அதற்கு வட்டி மட்டும் கொடுக்கிறார்கள். தலைகீழ் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

எல்லாரும் முதலாளி என்றால் யார் சொல்வதை யார் கேட்பது?

பலரும் கேட்கும் கேள்வி. தொழிற்சாலையில் ஒவ்வொரு முடிவுக்கும் வாக்கெடுப்பு நடத்த முடியாது, நடத்துவதும் இல்லை. எல்லா உறுப்பினர்களும் சேர்ந்த பொதுக்குழு ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். நிர்வாகக் குழு மேலாளரை நியமிக்கும். அன்றாட வேலையில் மேலாளர் சொல்வதுதான் நடக்கும், ஆனால் அவரை நீக்கும் அதிகாரம் சுற்றிவந்து தொழிலாளியிடமே இருக்கிறது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு அதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. லேத்தில் நிற்பவர் வாரியத்திலும் உட்காரலாம்.

இதைத் தவிர 'சமூகக் குழு' என்று ஒன்றை வைத்தார்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆள் தேர்ந்தெடுக்கப்பட்டு, வேலை நிலைமை, பாதுகாப்பு, வருமானத் தரவரிசை பற்றி நிர்வாகத்தோடு பேசும் அமைப்பு. உரிமையாளர் என்ற முறையில் ஒருவருக்கு நிர்வாகக் குழு, தொழிலாளி என்ற முறையில் அவருக்கே சமூகக் குழு.

இது போதுமா என்ற கேள்வி 1974-இல் வெடித்தது. உல்கோர் அப்போது மூவாயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனமாக வளர்ந்திருந்தது. வேலைகளைத் தரம் பிரிப்பதில் அநியாயம் நடந்தது என்று சொல்லி ஒரு பகுதியினர் வேலைநிறுத்தம் செய்தார்கள். உள்விவகாரத்துக்காக வேலைநிறுத்தம் கூடாது என்பது சட்டதிட்டத்தில் இருந்தது. 17 பேரை வெளியேற்றினார்கள். பொதுக்குழுவும் வாக்களித்து அதை உறுதி செய்தது. 1978-இல்தான், மறுபடி ஒரு வாக்கெடுப்பின் மூலம், அவர்கள் திரும்ப வரலாம் என்று முடிவானது. அதற்குள் ஹோசே மரியா இறந்துவிட்டார். ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது பெரும்பான்மையிடமிருந்து சிறுபான்மையைக் காப்பாற்றாது என்பதை மொண்ட்ராகோன் அன்று வலியோடு கற்றது. தொழிற்சங்கம் தேவையில்லை என்று யாராவது மொண்ட்ராகோனைக் காட்டிப் பேசினால் இந்தச் சம்பவத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வங்கி

உல்கோர் தொடங்கிய மூன்றே ஆண்டில், 1959-இல், ஒரு வங்கி தொடங்க வேண்டும் என்று ஹோசே மரியா சொன்னார். அவருடைய மாணவர்களே முதலில் மறுத்தார்கள். அடுப்பு செய்யவே இப்போதுதான் பழகுகிறோம், வங்கியா என்று. அவர் விடவில்லை. காரணம் எளிது: கூட்டுறவு பங்கு விற்காது என்றால் வளர்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வரும்? தனியார் வங்கிகள் இவர்களை நம்பிக் கடன் தருமா?

அப்படி வந்தது காஹா லபோரல், கூட்டுறவுச் சேமிப்பு வங்கி. ஊர் மக்கள் சேமிப்பைப் போடுவார்கள், அந்தப் பணம் ஊரிலேயே கூட்டுறவுத் தொழிலுக்குப் போகும். சேமிப்புப் புத்தகம் எடுங்கள், இல்லையென்றால் வேலை தேடிப் பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் அந்த வங்கி செய்த பிரசாரம் பேர்போனது. இந்த வங்கியின் நிர்வாகத்தில் அங்கே வேலை செய்பவர்களோடு மற்றக் கூட்டுறவுகளின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். சில நண்பர்கள் ஒரு தொழில் யோசனையோடு வந்தால், சந்தை இருக்கிறதா, கணக்கு சரிப்படுமா என்று அவர்களோடு உட்கார்ந்து ஆராய ஒரு தனிப் பிரிவே வைத்திருந்தார்கள். பணம் கொடுத்ததைவிட இந்தத் துணை முக்கியமானது. தனியாகப் போட்ட தையல் கடை மூடிப்போகும். பின்னால் இப்படி ஒரு வங்கி இருந்தால் இரண்டாவது ஆண்டைத் தாண்டும்.

அதே காலத்தில் இன்னொரு அடி விழுந்தது. இவர்கள் உரிமையாளர்கள், தொழிலாளிகள் அல்ல என்று சொல்லி அரசு சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலிருந்து கூட்டுறவு உறுப்பினர்களை விலக்கியது. ஓய்வூதியம் இல்லை, மருத்துவம் இல்லை. அதற்கு விடையாக 'லகுன் ஆரோ' என்ற சொந்தக் காப்பு நிதியை உருவாக்கினார்கள். ஒரு கூட்டுறவில் வேலை குறைந்தால் ஆட்களை இன்னொன்றுக்கு மாற்றுவதும், மாற்ற முடியாதவர்களுக்கு உதவித்தொகை தருவதும் பின்னாளில் இதன் பெரிய வேலை ஆனது. 1980-களின் நெருக்கடியில் பாஸ்க் நாட்டில் ஆலைகள் வரிசையாக மூடியபோது இது பலரைக் காப்பாற்றியது.

1966-இல் வந்த அலெகோப், மாணவர்கள் பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு என்று நடத்திய கூட்டுறவு. 1969-இல் வந்த அவுசோலகுன் பெண்களுக்கானது. கல்யாணம் ஆனால் பெண் வேலையை விட வேண்டும் என்ற வழக்கம் ஆரம்பத்தில் உல்கோரிலும் இருந்தது. திருமணமான பெண்கள் சேர்ந்து, ஹோசே மரியாவின் ஆதரவோடு, சமையல், துப்புரவுச் சேவைகளைத் தங்கள் சொந்தத் தொழிலாக நடத்தினார்கள். பெண்கள் இரண்டாம்பட்சமாக நடத்தப்பட்டதற்கு இது முழு விடை இல்லை, ஆனால் ஒரு தொடக்கம்.

இதில் திருச்சபைக்கு என்ன வேலை?

1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். சுற்றுமடல் என்பது திருத்தந்தை உலகத் திருச்சபைக்கு எழுதும் போதனைக் கடிதம். நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை, சங்கம் சேர்வது அவன் உரிமை என்று அது சொன்னது. 1931-இல் வந்த இன்னொரு சுற்றுமடல், கூலி ஒப்பந்தத்தைக் கூட்டாண்மை பக்கம் நகர்த்தலாம், உடைமையிலோ நிர்வாகத்திலோ லாபத்திலோ தொழிலாளிக்குப் பங்கு இருக்கலாம் என்று ஒரு வரி எழுதியது. குருமடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் படித்த வரி அது. ஒரு துணைப் பங்குத்தந்தை அதை நடைமுறைக்கு எடுத்துக்கொண்டு போய், அப்படியென்றால் கணக்குப் புத்தகத்தை எப்படி எழுதுவது என்ற கேள்விவரை யோசித்தார்.

சங்கங்களின் உரிமை மறைமாவட்டத்துக்குப் போகவில்லை. அவர் ஆலோசகராக மட்டும் இருந்தார். முதலாளிகள் அவரைச் சிவப்புப் பாதிரியார் என்றார்கள். இடதுசாரி இளைஞர்கள், தொழிலாளிகளைச் சின்ன முதலாளிகளாக்கிப் போராட்டத்தை மழுங்கடிக்கிறார் என்றார்கள். அவர் சைக்கிளில் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தார். இது புனிதர் பட்டத்துக்கான வழியில் ஒரு படி.

உடைந்த இடங்கள்

மொண்ட்ராகோனைச் சொர்க்கமாகக் காட்டுவது அதற்குச் செய்யும் உதவி இல்லை. உல்கோரின் வாரிசு ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம், துணி துவைக்கும் இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் செய்து ஐரோப்பாவில் பெரும் பெயர் எடுத்தது. 2005-இல் பிரான்சின் பிராண்ட் (Brandt) என்ற நிறுவனத்தைக் கடன் வாங்கி வாங்கியது. 2008-க்குப் பிறகு ஸ்பெயினில் வீடு கட்டுவதே நின்றுபோனது, புது வீடு இல்லையென்றால் புது அடுப்பும் இல்லை. மற்றக் கூட்டுறவுகள் பலமுறை பணம் கொடுத்துப் பார்த்தன. 2013-இல், இனிமேல் முடியாது என்று நிறுத்தின. ஃபாகோர் திவாலானது.

அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு மற்றக் கூட்டுறவுகளில் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. தனியார் கம்பெனி மூடினால் பொதுவாக இது நடக்காது. ஆனால் அவர்களுடைய மூலதனக் கணக்கு போய்விட்டது. நட்டம் வந்தால் கணக்கிலிருந்து போகும் என்று விதியைப் படிக்கும்போது அது ஒரு வரி. முப்பது ஆண்டு சேர்த்ததை இழந்தவருக்கு அது அப்படி இல்லை. உரிமையாளராக இருப்பது என்றால் உரிமையாளரின் இழப்பும் சேர்ந்ததுதான் என்பதை இந்த ஏற்பாட்டைப் புகழ்பவர்கள் மறைக்கக்கூடாது.

இன்னொன்று, ஆறாவது ஆள் பிரச்சினை திரும்பி வந்துவிட்டது. உலகச் சந்தையில் போட்டி போட மற்ற நாடுகளில் ஆலைகள் திறந்தார்கள், வாங்கினார்கள். அங்கே வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் உறுப்பினர்கள் இல்லை, சாதாரணக் கூலித் தொழிலாளிகள். சுமார் 70,000 பேர் என்று சொல்லும் எண்ணிக்கையில் அவர்களும் அடக்கம். அந்த நாடுகளின் சட்டம் இடம் கொடுக்காதது, தாய்க் கூட்டுறவின் உறுப்பினர்கள் தங்கள் வேலை போய்விடுமோ என்று பயப்படுவது, புது ஆட்களிடம் கூட்டுறவுப் பழக்கம் இல்லாதது என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அந்த மூன்றாவது காரணம்தான் எனக்கு உறுத்துகிறது. மொண்ட்ராகோனில் முதல் அடுப்பு வருவதற்கு முன் பதின்மூன்று ஆண்டு ஒரு பள்ளி நடந்தது. வெளிநாட்டு ஆலைகள் பள்ளி இல்லாமல் தொடங்கப்பட்டவை.

2022-இல், மொண்ட்ராகோன் கூட்டுறவுகள் சேர்ந்து அமைத்த குழுமத்தின் பெரிய கூட்டுறவுகளான உல்மாவும் ஒரோனாவும் தங்கள் பொதுக்குழுக்களில் வாக்கெடுத்துத் தனியாகப் பிரிந்துபோயின. கூட்டுறவாகவே தொடர்கிறோம், குழுமத்தில் மட்டும் இருக்கமாட்டோம் என்பது அவற்றின் முடிவு. யாரும் அவற்றைத் தடுக்கவில்லை. ஒவ்வொரு கூட்டுறவும் குழுமத்தில் தன் விருப்பப்படி சேர்ந்திருப்பதுதான், வேண்டாம் என்றால் வாக்களித்து வெளியேறலாம்.